திங்கட்கிழமைக் காய்ச்சல்

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே அப்பா, சின்னவள், நான் மூவரும் நன்றாக இருக்கிறோம், அங்கே நீயும் அப்படியே இருக்க வேண்டும் என்பதுதான் எந்த நேரமும் நினைப்பு. வழக்கமாக இந்த வரியைக் கை தானாக எழுதிவிடும், மனசு அதற்குள் அடுத்த வரிக்குப் போயிருக்கும். இன்றைக்கு அப்படி வரவில்லை, மூன்று பேரையும் ஒருமுறை நினைத்துப் பார்த்துவிட்டுத்தான் நன்றாக இருக்கிறோம் என்று எழுதினேன், காரணம் பின்னால் வருகிறது. உன் கடிதம் வந்து பதினேழு நாள் ஆகிறது. ஒரு நாளும் நான் இப்படித் தாமதித்ததில்லை, கோபம் என்று நினைத்திருப்பாய். கோபமில்லை கண்ணு. முதலில் கொஞ்ச நாள் பெருமையில் போயிற்று, பிறகு கண்ணைத் திறக்க முடியாமல் இரண்டு நாள், மீதி நாளெல்லாம் இந்தக் கடிதத்தோடு வரும் பொட்டலத்துக்காகக் காத்திருந்தேன். போனில் சொல்லக் கூடாதா என்பாய். போன ஞாயிற்றுக்கிழமை சொல்லத்தான் ஆரம்பித்தேன், உனக்கு வர்ற அந்தக் காய்ச்சல் இருக்கே என்று வாயெடுப்பதற்குள் சரிம்மா சரிம்மா பஸ் வந்துடுச்சும்மா என்று வைத்துவிட்டாய். நான் வாயைத் திறக்கும்போதெல்லாம் உன் ஊரில் பஸ் வந்துவிடுகிறது, இங்கே உன் அப்பா ஓட்டும் பஸ்ஸுக்கு ஜனங்கள் முக்கால் மணி நேரம் நிற்கிறார்கள். கடிதத்துக்குச் சரிம்மா சொல்லி வைத்துவிட முடியாது, அதனால் இன்று லீவு போட்டுவிட்டு, சின்னவள் பள்ளிக்கூடம் போன பிறகு சமையலறை மேசையில் உட்கார்ந்து எழுதுகிறேன். மாடி வீட்டு நர்ஸ் நாளைக் காலையில் தன் அக்காவைப் பார்க்க உன் ஊருக்குக் கிளம்புகிறாள், சனிக்கிழமை உன் கையிலேயே கொடுப்பதாக வாக்குக் கொடுத்திருக்கிறாள். திங்கட்கிழமைக்கு முன்னால் நீ இதைப் படித்தாக வேண்டும், நடுவில் மடித்து வைக்காமல் முழுதும் படி.

அந்தத் தண்ணீர்த் தொட்டியைப் பற்றித்தான். ஆள் உயரத்துக்கு மேல் நிற்கிற ஜி.ஐ. தகட்டுத் தொட்டி, துரு ஏறாமலிருக்க உள்ளும் புறமும் துத்தநாகம் பூசியது, உள்பக்கம் தடுப்புத் தகடுகள் வைத்து வெல்டிங் செய்ய வேண்டும், மேலே வாய் ரொம்பச் சின்னது, பட்டறையிலிருக்கும் பதினோரு பேரில் அதற்குள் நுழைகிற உடம்பு உனக்கு மட்டும்தான், மாசக் கடைசித் திங்கட்கிழமை, அதாவது இந்த வருகிற திங்கட்கிழமை, நீதான் இறங்கப் போகிறாய் என்று எழுதியிருந்தாய். ஃபோர்மேன் எல்லார் முன்னாலும், இது நம்ம சுண்டெலியாலதான் முடியும் என்று சொன்னாராம். அந்த வரிக்குக் கீழே இரண்டு கோடு போட்டிருந்தாய். பேனா அழுத்தத்தில் தாளின் பின்பக்கம் தடவினால் கையில் தட்டுகிறது. நீ வெல்டிங் படிக்கப் போகிறேன் என்று சொன்ன அன்று மூன்று நாள் யாரோடும் பேசாமல் இருந்தவள் நான், அதை மறைக்கவில்லை. ஆனால் அந்த இரண்டு கோட்டைப் பார்த்ததும் எனக்கும் தலை கொஞ்சம் நிமிரத்தான் செய்தது. உன் அப்பாவைச் சொல்லவே வேண்டாம், முன்படியில் ஏறுகிற ஒவ்வொருவரிடமும் மூத்தவ தொட்டிக்குள்ள இறங்கப் போறா என்று சொல்லியிருக்கிறார், ஒரு அம்மா பாவம் கிணற்றுக்குள் விழுந்த பிள்ளை என்று நினைத்துக்கொண்டு அடுத்த நாள் என்ன ஆச்சு என்று விசாரித்தாளாம்.

அப்போதுதான் நீ செய்கிற வேலையை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றியது. பள்ளிக்கூடத்துக்குப் பின்தெருவில் இரும்புக் கேட்டும் ஜன்னல் கம்பியும் செய்கிற கேட்டுக்காரர் இருக்கிறாரே, சின்ன வயதில் அவர் கடை வாசலில் கிடந்த காந்தத் துண்டு வேண்டும் என்று நீ புரண்டு அழுதாயே, அவர்தான். சனிக்கிழமை எங்கள் வேதியியல் லேபைப் பூட்டிச் சாவியைக் கொடுத்துவிட்டு நேரே அங்கே போனேன். என் மகளும் இந்த வேலைதான் செய்யறா, கொஞ்ச நேரம் பாக்கலாமா என்றேன். தாராளமா பாருங்க, வெளிச்சத்தை மட்டும் பாக்காதீங்க என்றார். வெல்டிங்கில் வெளிச்சத்தை விட்டால் பார்க்க வேறு என்ன இருக்கிறது சொல். நேராகப் பார்த்தால்தானே வம்பு என்று பத்தடி தள்ளி நின்றேன், ஓரக்கண்ணால் பார்த்தேன், விரலிடுக்கில் பார்த்தேன், வெள்ளையடித்த சுவரில் விழுந்து துடிக்கிற நீல வெளிச்சத்தைப் பார்த்தேன், எல்லாம் சேர்த்துக் கால் மணி நேரம் இருக்கும். ஒன்றும் தெரியவில்லை, வீட்டுக்கு வந்து துணி மடித்தேன், சின்னவளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்தேன். படுக்கப் போகிற நேரத்துக்கு, இரண்டு கண்ணிலும் யாரோ ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்தது போல ஆரம்பித்தது பார், திறந்தாலும் எரிகிறது மூடினாலும் எரிகிறது, கண்ணீர் நிற்கவே இல்லை. இருநூறு பிள்ளைகளுக்குக் கண்ணாடி போடு, கண்ணாடி போடு என்று தினமும் தொண்டை வற்றக் கத்துகிற லேப் டீச்சர் நான். ஊருக்குத்தான் உபதேசம். காலையில் கண் டாக்டர், வீட்டில் யார் வெல்டிங் வேலை பாக்கறது என்று கேட்டார், என் மகள் என்றேன், அப்ப அவளைக் கூட்டிட்டு வராம நீங்க ஏன் வந்தீங்க என்றார். உன் அப்பா ஆட்டோவில் வரும்போது, வேலை பாக்கறது மக, காயம் வாங்கறது அம்மா, நல்ல குடும்பம் என்றார். சிரித்தால் இன்னும் எரிந்தது.

போன ஞாயிற்றுக்கு முந்தின அந்த ஞாயிற்றுக்கிழமையும் நீ போன் செய்தாய். ஜன்னலை எல்லாம் சாத்திவிட்டு ஈரத்துணியைக் கண்ணில் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். என்னம்மா மூக்கை உறிஞ்சறே என்று கேட்டாய். வெங்காயம் நறுக்கிட்டிருக்கேன் என்றேன். ஒரு நொடிகூட யோசிக்கவில்லை, அப்படியே வந்தது அந்தப் பொய், அதற்கு மேல் எத்தனை வெங்காயம் என்று நீ கேட்டிருந்தால் அதையும் சொல்லியிருப்பேன். பக்கத்திலிருந்த சின்னவள் அம்மா பொய் சொல்றா என்று கத்த வந்தாள், அவள் வாயைப் பொத்தினேன். அவளுக்கு ஒரு முன்பல் விழுந்து, அந்த ஓட்டை வழியாக இப்போதெல்லாம் எல்லா உண்மையும் வெளியே வந்துவிடுகிறது.

கண் சரியானதும் இரண்டு நாள் எதையும் படிக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், சொன்னதாலேயே படிக்க வேண்டும் போலிருந்தது. உன் கடிதங்களை எடுத்தேன். தொட்டிக் கடிதத்துக்கு முன்னால் வந்த கடைசி நான்கையும் இந்த மேசையில் வரிசையாக வைத்துத் தேதியைப் பார்த்தேன், நான்கும் செவ்வாய்க்கிழமை எழுதியவை. முதலாவதில், நேத்து ராத்திரி குளிர்ல பல்லெல்லாம் கிட்டிப்போச்சு, இன்னைக்கு லீவு போட்டுப் படுத்திருக்கேன், அதான் எழுதறேன் என்றிருந்தாய். இரண்டாவதில் மறுபடியும் ராத்திரி நடுக்கம், வாயில் காசைச் சப்பினாற்போல ஒரு ருசி. மூன்றாவதில் பழி மெஸ் சாப்பாட்டின் மேல். நான்காவதில் அறைத்தோழி தன் போர்வையையும் உனக்குப் போர்த்திவிட்டு அவள் விறைத்துக்கொண்டு தூங்கினாள். ஒவ்வொன்றும் இப்ப சரியாயிடுச்சும்மா என்று முடிகிறது. அதற்கெல்லாம் உன் அம்மா எழுதிய பதில் என்ன தெரியுமா, முதலாவதுக்கு வெந்நீர் குடி, இரண்டாவதுக்குத் தலையை நன்றாகத் துவட்டு, மூன்றாவதுக்கு மெஸ்ஸை மாற்று, நான்காவதுக்கு ஒரு ஸ்வெட்டர். நான்கு வாரம் தொடர்ந்து திங்கட்கிழமை மட்டும் வந்து செவ்வாய்க்கிழமை போகிற காய்ச்சல் எந்த ஊரில் இருக்கிறது என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. இது போதாது என்று இரண்டாவது கடிதத்தில் நீ ஒன்று எழுதியிருக்கிறாய், ஜி.ஐ. வேலை வந்ததிலிருந்து பட்டறைக்குள்ள வெள்ளைப் பஞ்சு பறக்குதும்மா, தலையணை கிழிஞ்ச மாதிரி, முடியெல்லாம் ஒட்டிக்குது, பாக்க அழகா இருக்கு என்று. அதை நான் ஆசிரியர் அறையில் எல்லாருக்கும் வாசித்துக் காட்டினேன், என் மகள் எப்படி எழுதறா பாருங்க என்று. துத்தநாகம் சூடேறி எரிந்தால் வெள்ளைப் பஞ்சாகப் பறக்கும். அது கல்லூரியில் நான் முழு மதிப்பெண் வாங்கிய கேள்வி. நீ வயிற்றில் உதைத்துக்கொண்டிருக்க, மேசை எட்டாமல் சாய்ந்து உட்கார்ந்து அந்தப் பரீட்சையை எழுதினேன். அதே பதிலை என் மகள் தன் கையெழுத்தில் எனக்கே எழுதி அனுப்புகிறாள், நான் அழகாக இருக்கிறது என்று ஊருக்கு வாசித்துக் காட்டுகிறேன். அன்றைக்கு வந்த கண்ணீருக்கு நீல வெளிச்சமும் காரணமில்லை வெங்காயமும் காரணமில்லை.

அடுத்த நாளே கேட்டுக்காரரிடம் போனேன், இந்தத் தடவை அவர் வேலையை நிறுத்தும்வரை முதுகைக் காட்டிக்கொண்டு நின்றேன். ஜி.ஐ. காய்ச்சலா என்று சர்வசாதாரணமாகக் கேட்டார், ஜலதோஷமா என்று கேட்கிற மாதிரி. அந்தப் புகையை இழுத்தால் ராத்திரிக்குள் குளிர் ஜுரம் வரும், தொடர்ந்து இழுத்தால் உடம்பு மரத்துப்போய் வராமல் இருக்கும், ஞாயிற்றுக்கிழமை லீவில் உடம்பு அதை மறந்துவிடும், திங்கட்கிழமை மறுபடியும் முதலிலிருந்து என்று விளக்கினார். ஆகப் புதனிலிருந்து சனி வரை காய்ச்சல் வராததால் நீ புகையை இழுக்கவில்லை என்று அர்த்தமில்லை கண்ணு, உடம்பு சொல்வதை நிறுத்திவிட்டது என்றுதான் அர்த்தம். உங்கள் பட்டறையில் ஜி.ஐ. வேலைக்கு முன்னால் ஆளுக்கு ஒரு டம்ளர் பால் கொடுக்கிறார்கள், அது புகையை முறிக்குமாம் என்று நீ எழுதியதையும் சொன்னேன். நாங்களும் முப்பது வருஷமா குடிக்கறோம், இதுவரைக்கும் நல்லா இருக்கறது பால்காரன் ஒருத்தன்தான் என்றார். பாலை நான் குறை சொல்லவில்லை, குடி, எலும்புக்கு நல்லது. பால் போவது வயிற்றுக்கு, புகை போவது நுரையீரலுக்கு, இரண்டுக்கும் நடுவில் வழி கிடையாது. இதைச் சொல்ல வேதியியல் பட்டம்கூட வேண்டாம்.

அப்புறம் தொட்டியைச் சொன்னேன். அதுவரை பேசிக்கொண்டே வெல்டிங் ராடு அடுக்கிக்கொண்டிருந்தவர் கையை நிறுத்திவிட்டார். பட்டறைக்கு நாலு பக்கமும் திறப்பு, அங்கேயே காய்ச்சல் வருதுன்னா தொட்டிக்குள்ள என்ன ஆகும் என்று கேட்டார். அவர் மைத்துனர் ஒருமுறை இதுபோல ஒரு தொட்டிக்குள் மயங்கி விழுந்தாராம், இடுப்பில் கயிறு கட்டியிருந்ததால் வெளியே இழுத்தார்களாம், கயிறு கட்டாதவங்க கதையை உங்களுக்குச் சொல்ல மாட்டேன் என்று எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். வந்து ஒன்று கேட்டார், அதைத்தான் உன்னிடம் கேட்பதற்கு இத்தனை தாள் எழுதுகிறேன். அந்த வாய்க்குள் நுழைகிற உடம்பு உன் ஒருத்திக்குத்தான் என்றால், நீ உள்ளே மயங்கி விழுந்தால் உன்னைத் தூக்க அதன் வழியாக உள்ளே வருவது யார்? பதினோரு பேரில் மீதிப் பத்துப் பேரும் மேலே நின்று எட்டித்தான் பார்க்க முடியும். உன்னால்தான் முடியும் என்று ஃபோர்மேன் சொன்னதில் இதுவும் அடக்கம், நீ கோடு போட்டது இதற்கும் சேர்த்துத்தான். அவர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை, உனக்கு வேலை கற்றுக்கொடுத்தவர், பத்துப் பேருக்கு நடுவில் உனக்கு ஒரு இடம் கொடுத்தவர். வேலையைப் பார்த்தவர் திரும்பி வரும் வழியைப் பார்க்கவில்லை, அவ்வளவுதான். நான்கு கடிதத்தைப் படித்தும் பார்க்காத தாய் அவரைக் குறை சொல்ல முடியாது.

நானே அவருக்குப் போன் செய்வதாகத்தான் இருந்தேன், நம்பரைக்கூட எடுத்துவிட்டேன். உன் அப்பா தடுத்தார், நீ பேசினா அவ அங்க அம்மா பிள்ளைன்னு பேர் வாங்கிட்டுத் திரிவா, அவளே பேசட்டும், அவ வாய்க்கு என்ன குறை, உன் வாய்தானே என்றார். அதனால் நீயே பேசு. கேட்டுக்காரர் சொன்ன வழியைச் சொல்கிறேன், அதில் மானக்கேடு ஒன்றுமில்லை. தொட்டியின் பக்கவாட்டில் ஒரு ஆள் தாராளமாகப் போய்வருகிற அளவுக்கு வெட்டித் திறக்கச் சொல், உள் வேலை முடிந்ததும் வெளியிலிருந்து மூடிக்கொள்ளலாம். ஓட்டை போட்டா அடைக்கத் தெரிஞ்சவன்தானே வெல்டர், இதுக்கு ஏன் யோசிக்கறாங்க என்றார். வெட்டுவதற்கும் வெல்டிங் வைப்பதற்கும் முன்னால் அந்த இடத்தில் இரண்டு விரல் அகலத்துக்குத் துத்தநாகப் பூச்சைச் சாணைக் கிரைண்டரில் தேய்த்து எடுத்துவிட வேண்டும், எடுக்கும்போதும் முகமூடி வேண்டும், அந்தத் தூளும் அதே சனியன்தான். உள்ளேயிருந்து புகையை இழுத்து வெளியே தள்ளுகிற காற்றாடிக் குழாய் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும், அது நின்றால் நீயும் நின்று வெளியே வர வேண்டும். காற்றுக்காக என்று யாராவது ஆக்ஸிஜன் சிலிண்டரைத் திறந்துவிட வந்தால் விடாதே, ஒரு பொறி போதும், உடுத்தியிருக்கிற துணியே பற்றிக்கொள்ளும். இடுப்பில் கயிறு, மறுமுனையைப் பிடித்துக்கொண்டு வெளியே ஒரு ஆள், அந்த ஆளுக்கு வேறு வேலை கொடுக்கக் கூடாது, டீ வாங்கப் போகக் கூடாது, உனக்கு ஏதாவது என்றால் கயிற்றை இழுக்க வேண்டுமே தவிர உள்ளே குதிக்கக் கூடாது. தொட்டிக்குள் வேர்த்துக் கொட்டும், நனைந்த கையுறையோடும் நனைந்த சட்டையோடும் ராடு மாட்டுகிற ஹோல்டரைப் பிடிக்காதே, சுற்றிலும் இரும்பு, கரண்டுக்கு நீயும் ஒரு கம்பிதான். மாற்றுக் கையுறை எடுத்துக்கொண்டு போ. சும்மா ஒரு பொட்டு வெல்டிங்தானே என்று கவசத்தை இறக்காமல் கண்ணை மூடிக்கொண்டு வைக்கிற வேலை மட்டும் வேண்டாம், கேட்டுக்காரரும் அதைத்தான் செய்கிறார், அவருக்கு இப்போது சாயங்காலமானால் எதிரில் வருபவர் யார் என்று தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தவள் கதையும் உனக்கு இப்போது தெரியும்.

பொட்டலத்தில் இருக்கும் முகமூடி எங்கள் லேபுக்குச் சாமான் கொடுப்பவர் மூலம் வரவழைத்தது. துணி முகமூடி போல நினைக்காதே, இரண்டு பக்கமும் வட்டமாக வடிகட்டி இருக்கும், உலோகப் புகைக்கென்றே உள்ளது, உன் தலைக்கவசத்துக்குள் அடங்கும் என்று சொன்னார்கள். போட்டதும் இரண்டு வடிகட்டியையும் உள்ளங்கையால் மூடி மூச்சை இழு, முகத்தோடு ஒட்டிக்கொண்டால் சரி, பக்கவாட்டில் காற்று வந்தால் வாரை இறுக்கு. நான் போட்டுப் பார்த்தேன், சின்னவள் ஈ மாதிரி இருக்கேம்மா என்று சொல்லிவிட்டு வீடு முழுக்க ஈ விரட்டிக்கொண்டு ஓடினாள். ஆனால் ஒன்று, இது புகையைத்தான் பிடிக்கும், இல்லாத காற்றை உண்டாக்காது. அம்மா முகமூடி அனுப்பிட்டா என்று அதை மட்டும் மாட்டிக்கொண்டு அந்தச் சின்ன வாய்க்குள் இறங்கினாயானால் இதை அனுப்பியதற்கு நான் ஆயுசுக்கும் என்னை மன்னிக்க மாட்டேன். கூடவே முழுக்கை பருத்திச் சட்டை இரண்டு இருக்கிறது, முன்னால் பை வைக்கவில்லை, பொறி விழுந்து தங்கும் என்று. நான் முன்பு வாங்கிக் கொடுத்த, இஸ்திரி போட வேண்டாத அந்த வழவழப்புச் சட்டைகளைப் பட்டறைக்குப் போடாதே, அது பொறி பட்டால் உருகித் தோலோடு ஒட்டிக்கொள்ளுமாம். அதை வாங்கியவளும் இந்தப் படித்த அம்மாதான்.

இதையெல்லாம் சொல்லியும் ஃபோர்மேன் முடியாது என்றால் நீயும் முடியாது என்று சொல். பயந்துட்டா என்று சொன்னால் சொல்லட்டும். அன்றைக்கு நீ வெளியே நின்றால் அவர்கள் உன்னைப் பற்றி ஒரு வாரம் பேசுவார்கள், அப்புறம் வேறு யாராவது கிடைப்பார்கள். வேலை போனால் வீடு இருக்கிறது, உன் கட்டிலில் இப்போது சின்னவள் தூங்குகிறாள், அவளை நகர்த்துவது கஷ்டம், ஆனாலும் நகர்த்துவோம். நாங்கள் மூவரும் உன் திறமையைச் சந்தேகப்படவில்லை தங்கம், உன் அப்பா பஸ்ஸில் சொல்வதை நிறுத்தப்போவதும் இல்லை, தொட்டிக்குள்ள இறங்கினா என்பதோடு வெளிய வந்துட்டா என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும் அவருக்கு.

சமையலறைக் குழாய் இன்னும் சொட்டுகிறது, நீ வந்து பார்ப்பாய் என்று யாரும் தொடவில்லை. சின்னவள் விழுந்த பல்லை உனக்கு அனுப்பச் சொன்னாள், வேண்டாம் என்று சமாதானப்படுத்தி ஒரு படம் வரைந்து வாங்கி வைத்திருக்கிறேன், அதில் தலையில் கவசத்தோடு இருப்பது நீயாம், பக்கத்தில் அழுதுகொண்டிருப்பது நானாம், கையில் வெங்காயம்.

கடைசியாக ஒன்று. பொய் சொன்னதில் நான் முந்தியவள், அதனால் நானே முதலில் நிறுத்துகிறேன். திங்கட்கிழமை ராத்திரி ஒன்பது மணிக்குப் போன் செய்வேன். உள்ளே இறங்கினாயா இல்லையா, எப்படி இறங்கினாய், உடம்பு சூடு எவ்வளவு, இந்த மூன்றையும் சொல், நல்லா இருக்கேம்மா என்பதைக் கடைசியில் சொன்னால் போதும். சூடு இருந்தால், மூச்சு வாங்கினால் எனக்குச் சொல்வதற்கு முன்னால் டாக்டரிடம் போ, ஜி.ஐ. புகை இழுத்தேன் என்று அவரிடம் வாய்விட்டுச் சொல், நெஞ்சு இறுகினால் விடியட்டும் என்று காத்திருக்காதே. அன்றைக்கு உன் ஊரில் எந்த பஸ்ஸும் வரக் கூடாது. என் குரல் ஒரு மாதிரி இருந்தால் நீயும் கேள், உள்ளதைச் சொல்வேன். இனி இந்த வீட்டில் போன் பேசும்போது யாரும் வெங்காயம் நறுக்குவதில்லை.

உன் கண்ணும் கையும் மூச்சும் நூறு வருஷம் உனக்குத் துணையாக இருக்கட்டும். அறைத்தோழிக்கு என் அன்பைச் சொல், இனி அவள் போர்வை அவளுக்கே இருக்கட்டும். ஸ்வெட்டரைத் திருப்பி அனுப்பாதே, என்றாவது நிஜமாகவே குளிரும்போது போட்டுக்கொள்.

திங்கட்கிழமை ஒன்பது மணிக்குப் போன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா